படித்துறை மீன்களும் மூன்று மரியாதைப் பெயர்களும்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் எல்லாரும் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பெரிய இதழுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். பார்த்தேன். முதல் பக்கத்தில் பெயர்கள் முடியவே இல்லை. ஒரு கால்பந்து அணியே இறங்கியிருக்கிறது. அதில் என் பெயரும் இருக்கிறது. நான் ஓய்வு பெற்று வீட்டில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஆய்வு நத்தையைப் பற்றியதா நண்டைப் பற்றியதா என்பதே வாசிக்கும்வரை எனக்குத் தெரியாது. முதல் வேலையாக என் பெயரை எடுங்கள். எடுத்துவிட்டு மேலே வாசியுங்கள்.

அடுத்த குறை. பொதிகை மலையில் தாமிரபரணி பிறக்கிறது. பாபநாசத்தில் இறங்குகிறது. வற்றாமல் ஓடுகிறது. நெல்லைச் சீமையை வாழ வைக்கிறது. மூன்றாம் பக்கம் வரைக்கும் ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது, நத்தை வந்தபாடில்லை. இங்கிருந்து போகும் கட்டுரை ஒவ்வொன்றும் ஏன் இப்படிப் பொதிகையிலிருந்தே இறங்கி வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டு இடைவேளையில் உங்கள் கட்டுரையைத் திறக்கிறவருக்கு ஆறு எங்கே பிறந்தால் என்ன? நீங்கள் என்ன கண்டீர்கள், அதைச் சொல்லுங்கள்.

எனக்கு எழுத யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் காலத்தில் ஆய்வு செய்யக் கற்றுத் தந்தார்கள், எழுத்து தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். வரவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரைகளோடு வந்த கடிதங்களை வாசித்தும், பேருந்தில் மனிதர்கள் பேசுவதைக் கேட்டும் நானாகக் கற்றதுதான். ஒருநாள் அம்பாசமுத்திரம் பேருந்தில் ஒரு பெரியவர் டிக்கெட் கேட்கிறேன் என்று தொடங்கி, மகள் வீட்டில் விசேஷம், மருமகன் ஊரில் இல்லை, அதனால்தான் இவர் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். நடத்துநர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி வே. எங்கன எறங்கணும்? அத மொதல்ல சொல்லும்." கட்டுரைச் சுருக்கம் எப்படி எழுத வேண்டும் என்று அதற்குமேல் எந்தப் பயிலரங்கிலும் நான் கேட்டதில்லை.

இன்று எழுத உட்கார்ந்தது சுருக்கத்தைப் பற்றியல்ல. பெயர்களைப் பற்றி. உங்கள் முதல் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு பெனிட்டா ஞாபகம் வந்துவிட்டது. கோபமும் கூடவே வந்தது.

பெனிட்டா என்னிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது நான் ஓய்வு பெறச் சில ஆண்டுகளே பாக்கி. ராதாபுரம் தாண்டிக் கடற்கரை ஊர்க்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். இவள் எடுத்துக்கொண்டதோ ஆற்று மீன். அவருக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. கல்லூரிக்கு வந்தவர் என்னிடமே முறையிட்டார்.

"கடல் அங்கன கெடக்கு டீச்சர். இவ இங்கன வந்து முட்டளவு தண்ணில படுத்துக்கிட்டு மீன எண்ணுதா. எண்ணுதவ பிடிக்கவும் மாட்டேங்கா, திங்கவும் மாட்டேங்கா. இதுக்குப் பட்டம் வேற குடுப்பீயளா?"

"குடுப்போம்" என்றேன்.

"என்னமோ போங்க" என்று கருவாட்டுப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் செய்த ஆய்வு இதுதான். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் சில படித்துறைகளில் மீன் பிடிக்கக் கூடாது என்று அந்தந்தத் தெருக்காரர்கள் தாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். குளிக்க வருகிறவர்கள் பொரி போடுவார்கள். யாராவது தூண்டிலோடு வந்தால் சத்தம் போட்டு விரட்டுவார்கள். பக்கத்துப் படித்துறையிலேயே அந்த வழக்கம் கிடையாது. விரட்டுகிற படித்துறையில் மீன் அதிகம் என்பது குளிக்கிற எல்லாருக்கும் தெரியும், காலைக் கடிக்கிறதே. பெனிட்டா கேட்டது அடுத்த கேள்வி. அந்த மீன்கள் அங்கேயே கிடந்து கொழுக்கின்றனவா, இல்லை, அங்கே குஞ்சு பொரித்து ஆற்றின் மற்ற இடங்களுக்கும் போகின்றனவா? முகத்தில் கண்ணாடி மாட்டித் தண்ணீருக்குள் முகம் புதைத்து, வெயிலில் முதுகு கறுக்க எண்ணினாள். குஞ்சுகளுக்கு அடையாளமிட்டு விட்டாள், மேலும் கீழும் தேடினாள். போகின்றன. ஒரு தெருவின் பிடிவாதம், வலை வீசுகிற அடுத்த ஊர்க்காரனுக்கும் மீன் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இது பெரிய இதழில் வர வேண்டிய சேதி. அவளுக்கு அது வந்தே ஆக வேண்டியும் இருந்தது. ஆறுகளை ஆராயும் ஒரு வெளிநாட்டு ஆய்வகம் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை. கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி அவர்கள் குறித்த நாளுக்குள் வந்து சேர வேண்டும்.

முதலில் அனுப்பிய இதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்தார். பெயர் கிடையாது, உங்களுக்குத் தெரியும், யார் மதிப்பிட்டார் என்பதை இதழ் சொல்லாது. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எழுத்து விஷயத்தில் எனக்கு வாய்த்த ஆகச் சிறந்த வாத்தியார் அந்த ஆள்தான். 'கடைசிவரை வாசித்தேன். ஆற்றைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். இவர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்பதை நானாகத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. என் ஊகம் சரியென்றால் இது முக்கியமான வேலை' என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

பெனிட்டா கொதித்தாள். "அந்தாளு வாசிக்கவே இல்ல மேடம்."

"வாசிச்சிருக்கார். அதான் நமக்குக் கஷ்டம். முதல்ல ஆத்தை எடு."

"ஆத்த எடுத்துட்டா மீனு எங்கன இருக்கும் மேடம்?"

இப்படி ஒருத்தியோடு உட்கார்ந்துதான் அந்தக் கட்டுரையை மாற்றி எழுதினேன். பொதிகையை எடுத்தோம். 'இருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு' என்று வந்த இடங்களையெல்லாம் எடுத்தோம். பணிவு வேண்டியதுதான், அதற்காகத் தண்ணீரில் கிடந்து எண்ணிய மீனைக்கூட 'இருக்கலாம்' என்று எழுதினால் எப்படி? கண்டதைக் கண்டேன் என்றும், காணாததைக் காணவில்லை என்றும் எழுத வைத்தேன். ஒரு வாக்கியத்துக்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். கடைசியில் முதல் வாக்கியமே சேதியைச் சொன்னது. அதை வாசித்துவிட்டு பெனிட்டா, "இவ்வளவுதானா மேடம், இதுக்கா இத்தன வருசம்" என்றாள். அவ்வளவுதான். அதற்குத்தான்.

இன்னும் பெரிய இதழ் ஒன்றுக்கு அனுப்ப முடிவு செய்தோம். இணையத்தில் ஏற்றும் நாளில் நான் விடைத்தாள் திருத்தும் பணியில் தென்காசியில் இருந்தேன். நீயே ஏற்றிவிடு, இரண்டே பெயர், உன்னுடையதும் என்னுடையதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

அன்று துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். தன் பெயரையும் கல்லூரி முதல்வர் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அவர் கெட்டவரில்லை. துறையிலிருந்து வெளியே போகும் எதிலும் தலைவர் பெயர் இருக்க வேண்டும் என்று அவருக்கு முன்னால் இருந்தவர் நினைத்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கட்டுரையையும் அதே கணக்கில்தான் வைத்திருக்கிறோம். பெயர் போடுவது மரியாதை, விடுவது சண்டை.

பெனிட்டா இரண்டு பெயரையும் சேர்த்தாள். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அவளுக்கென்று ஒரு நியாயம் உண்டு. ஆற்றுப் பக்கமே வராத இரண்டு பேர் பெயர் இருக்கும்போது, கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி பெயர் இல்லாமலிருப்பது என்ன நியாயம் என்று தோன்றியிருக்கிறது. அண்ணாச்சி அப்பள வியாபாரி. அந்தப் படித்துறைத் தெருவில் அவர் சொன்னால் கேட்பார்கள். அவள் தண்ணீரில் கிடக்கும்போது தூண்டிலோடு வருகிறவர்களைத் துரத்தியதும், மழையில் நனைந்து நின்றவளை வீட்டுக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுக்கச் சொன்னதும் அவர். எனவே ஐந்தாவது பெயராக அண்ணாச்சியைப் போட்டாள். மின்னஞ்சல் முகவரிக்கு அவர் கடை அப்பளப் பாக்கெட்டில் அச்சிட்டிருந்ததைப் போட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சந்தோஷப்படுவார் என்று நினைத்தாளாம்.

இப்போதெல்லாம் கட்டுரையை ஏற்றியதும் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் இதழிலிருந்து தானாக ஓர் அஞ்சல் போகும். நீங்கள் இதை எழுதியவர்களில் ஒருவர் என்று இருக்கிறது, இல்லையென்றால் உடனே தெரிவியுங்கள் என்று கேட்கும். எனக்கும் வந்தது. ஐந்து பெயரைப் பார்த்து பெனிட்டாவைக் கூப்பிடுவதற்குள் அண்ணாச்சி பதில் போட்டுவிட்டார். நான் எதையும் எழுதவில்லை, என் பெயரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் போலீசுக்குப் போவேன் என்று.

மறுநாள் இதழாசிரியரின் கடிதம் வந்தது. கட்டுரையை நிறுத்தி வைத்திருக்கிறோம், எழுதியவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று விளக்குங்கள், அதன் பிறகே மதிப்பீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்வோம். மரியாதையான கடிதம். அந்த மரியாதையைப் பார்த்தே விஷயம் பெரிது என்று தெரிந்தது. பெனிட்டாவுக்கு ஆய்வகம் குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

துறைத் தலைவர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"இதுல பதற என்ன மேடம் இருக்கு? அந்த அப்பளக்காரரைப் பாத்து, மறந்துபோயி எழுதிட்டேன், நானும் எழுதினவன்தான்னு ஒரு பதில் போடச் சொல்லுங்க. முடிஞ்சிபோச்சு."

"அவர் என்ன செஞ்சார்னு கேட்டிருக்காங்களே சார்?"

"மீனு எண்ணினாருன்னு எழுதுங்க. யாரு வந்து பாக்கப்போறா?"

எப்படியும் அண்ணாச்சியைப் பார்த்தாக வேண்டும் என்பதால் நானும் பெனிட்டாவும் கல்லிடைக்குறிச்சிக்குப் பேருந்து ஏறினோம்.

அண்ணாச்சி கடையில் இருந்தார். பெனிட்டாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாட்டி, மீன்காரி" என்றார். பிறகு என்னைப் பார்த்து எழுந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட, அது நீ அனுப்புனதா? நான் என்னத்தக் கண்டேன். இங்கிலீசுல என் பேரப் போட்டு வந்துருக்கு. இத எழுதினது நீங்கதானான்னு கேக்கான். நான் அப்பளம் போடுதவன், எழுத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? இங்கன ஒருத்தருக்கு இப்படித்தான் ஏதோ வந்து, அதத் தொட்டாரு, பேங்க்ல கெடந்ததெல்லாம் போச்சு. நான் பயந்துட்டேன். போன்லயே மொழிமாத்தி, போலீசுன்னு ஒரு வார்த்தையும் சேத்துப் போட்டு உட்டேன்."

"சந்தோசப்படுவீயன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"சந்தோசந்தான் பிள்ள. சொல்லிட்டுச் செஞ்சிருந்தா வெடி போட்டுருப்பேன்." என்னைப் பார்த்தார். "இப்ப என்ன டீச்சர் செய்யணும்? பிள்ள வேலை போயிருமோ?"

போகலாம் என்றேன்.

"போவக் கூடாது. எழுதுங்க. நானும் எழுதினேன்னு சொல்லுதேன். மீன எண்ணினேன்னு சொல்லணுமா, சொல்லுதேன். தெனமும் குளிக்கேன், எண்ணாமயா இருப்பேன்? எவன் வந்து கேப்பான்?"

பிள்ளைகளே, அந்த இடத்தில்தான் நான் சறுக்கப் பார்த்தேன். தலைவர் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. அதையே இந்த மனிதர் இவ்வளவு பிரியத்தோடு சொல்லும்போது, சரி, அப்படியே செய்துவிடலாமே என்று இருந்தது. யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு பெண் பிழைத்துப் போவாள். பணியில் இப்படி ஒரு நிமிஷம் எல்லாருக்கும் வரும். தப்பான காரியத்தை நல்ல மனிதர் ஒருவர் கையில் ஏந்தி நீட்டும்போது அதை வாங்காமலிருப்பது, கெட்டவர் நீட்டும்போது மறுப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

மறுத்தது பெனிட்டா.

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஏம்ட்டி?"

"நீங்க எண்ணுனீயன்னு நான் எழுதினா, நான் எண்ணினதையும் எவனும் நம்ப மாட்டான். எங்கிட்ட அது மட்டுந்தான் இருக்கு."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "கடக்கரைக்காரி வாயி" என்று எனக்குச் சொல்லிவிட்டு, உள்ளே திரும்பிக் காப்பிக்குக் குரல் கொடுத்தார். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுகிறேன், போலீஸ் என்று எழுதியதை எப்படி அழிப்பது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

திரும்பும் பேருந்தில் நான் கேட்டேன். "அண்ணாச்சி பேரை மட்டும் எடுத்தாப் போதுமா?"

சேரன்மகாதேவி வந்ததும் சொன்னாள். "மூணையும் எடுக்கணும் மேடம்."

"தலைவர் பேரையுமா?"

"அவரும் எண்ணலியே."

இதழாசிரியருக்கான விளக்கம் மூன்று முறை எழுதப்பட்டது. தலைவர் எழுதித் தந்ததில் 'தொழில்நுட்பக் காரணங்களால் எதிர்பாராத விதமாக' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் ஒரு பக்கம் போனது, அதில் யார் என்ன செய்தார்கள் என்று எங்கும் இல்லை. பெனிட்டாவின் முதல் வரைவு அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர் என்பதில் தொடங்கியது. "இங்கேயும் பொதிகையிலிருந்தா வருவே" என்று அதை வாங்கி அடித்துப்போட்டேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: இந்த மூன்று பெயர்களை மரியாதைக்காகச் சேர்த்தேன். இவர்கள் ஆய்விலோ எழுத்திலோ பங்கெடுக்கவில்லை. இருவரிடம் அனுமதியும் கேட்கவில்லை. தவறு என்னுடையது. மூன்றையும் நீக்க வேண்டுகிறேன்.

அந்தப் பெண் அதுவரை எழுதியதில் ஆகச் சிறந்த ஆங்கிலம் அது. நான் ஒரு சொல்லையும் தொடவில்லை.

தலைவர் விஷயத்தில் மட்டும், 'அவர் சொல்லித்தான் சேர்த்தேன்' என்று ஒரு வரி சேர்க்கலாமே என்றேன். "தட்டுனது என் விரலுதான மேடம்" என்று மறுத்துவிட்டாள்.

பதில் உடனே வந்தது. ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. கட்டுரை மதிப்பீட்டுக்குப் போகும். ஆனால் விதிப்படி, நீக்கப்படும் மூவரும் அதற்குச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும்.

அண்ணாச்சி அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பினார், கீழே தன் கடை முத்திரையும் குத்தியிருந்தார். முதல்வர் அறைக்கு நானே போனேன். அவர் தாளை இரண்டு முறை வாசித்தார். "என் பேரா? எந்த மீன்?" என்றார். இதழ் அனுப்பிய அஞ்சலை அவர் திறக்கவே இல்லை, இப்படி ஒரு கட்டுரை இருப்பதே தெரியாது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பாக்கி துறைத் தலைவர். நாளைக்குப் பார்ப்போம் என்றார். நாளைக்குத் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்றார். குழு போனதும் தாளைக் காணவில்லை என்றார். இன்னொரு தாள் கொடுத்தோம். என்னிடம் தனியாகச் சொன்னார்: "நான் ஒண்ணும் செய்யலன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாக்கும். ஒரு காலத்துல நாங்களும் பெரியவங்க பேரப் போட்டோம் மேடம். நாங்க யாரையும் இப்படி எடுக்கல."

அவர் சொன்னதில் ஒரு வலி இருந்தது, எனக்குப் புரியாமல் இல்லை. அவர் இளைஞராக இருந்தபோது எழுதிய கட்டுரைகளிலேயே அவர் பெயர், பெரியவர்கள் பெயருக்குப் பின்னால், மூன்றாவதாகவும் நான்காவதாகவும் போயிருக்கிறது. காத்திருந்து, காத்திருந்து, தன் முறை வந்தபோது ஒருத்தி வந்து முறையே கிடையாது என்கிறாள். புரிந்து என்ன செய்ய? அவருடைய வலியைப் பெனிட்டாவின் தலையில் இறக்கி வைத்தால் அது தீர்ந்துவிடுமா? நான் கத்தியே விட்டேன். வராந்தாவில் போன மாணவர்கள் நின்று பார்த்தார்கள். அப்போதும் கையெழுத்து வரவில்லை.

ஆய்வகம் குறித்த நாள் நெருங்கியதும் பெனிட்டா அவர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதினாள். நாள் கடந்தது. அதன் பிறகு பதில் வந்தது. நேர்மையாக எழுதியதற்கு மகிழ்ச்சி, ஆனால் இடத்தை அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை, வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று.

அதை அவள் ஆய்வுக்கூடத்தில் நின்றபடியே வாசித்தாள். என்னிடம் காட்டினாள். அழுவாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் மடிக்கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகத் தலைவர் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், கையெழுத்து வேண்டாம்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பேர் அப்படியே இருக்கட்டும். உங்க பங்கு என்னன்னு இதுல கேட்டிருக்காங்க. நீங்களே எழுதுங்க. ஒரு எழுத்து மாத்தாம அனுப்புதேன்." மடிக்கணினியை அவர் முன்னால் திருப்பி வைத்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு தட்டச்சு செய்தார். ஒட்டுமொத்த வழிகாட்டுதல்.

"எதுக்கு வழிகாட்டினீங்கன்னு அடுத்துக் கேப்பாங்க சார். அதையும் சேத்து எழுதிருங்க" என்றாள். குரலில் கேலி துளியும் இல்லை.

அழித்தார். கருவிகள் வழங்கியது என்று எழுதினார்.

"கண்ணாடி எங்க அக்கா வாங்கித் தந்தது. வலை எங்க அப்பா பின்னினது சார்."

அழித்தார். வெறும் கட்டம் ஒன்று திரையில் திறந்தபடி இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் விரல் விசைகளின் மேல் நின்றது, இறங்கவில்லை. எனக்கே அவரைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. நான் கத்தியதில் அசையாத மனிதர் அந்தக் கட்டத்துக்கு முன்னால் வியர்த்துப்போனார். உங்களையும் ஒன்று கேட்கிறேன். உங்கள் முதல் பக்கத்துப் பெயர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டத்தை நிரப்புவார்கள்?

"அந்தத் தாளக் குடு" என்றார் கடைசியில்.

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "இப்பவாவது வேலை கெடைக்குமா?" என்று கேட்டார்.

"அது காலைலயே போயிட்டு சார்."

அதற்குப் பிறகு அவள் ஆய்வேட்டுக்கான எல்லாத் தாள்களிலும் கேட்டவுடன் கையெழுத்து வந்தது. அந்த வேகம் முன்பே இருந்திருக்கலாம்.

அடுத்த ஆண்டு அவளுக்கு வேறொரு நாட்டில் வேறொரு வேலை கிடைத்தது என்பது உண்மைதான். அதைச் சொல்லி உங்களுக்கு ஆறுதல் தர எனக்கு விருப்பமில்லை. அவள் விரும்பிய ஆய்வகம் அதுதான், அது போனது போனதுதான். மூன்று பெயர்களைத் தட்டச்சு செய்ய ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எடுப்பதற்கு அவ்வளவு பாடு.

கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி வந்த அன்று அவள் ஊரில் இல்லை. மதிப்பீட்டாளர்கள் கேட்ட கடைசிச் சந்தேகம் ஒன்றுக்காகச் செய்த எண்ணிக்கையில் நிறைவில்லை என்று, யாரும் கேட்காமலேயே மறுபடி எண்ணக் கல்லிடைக்குறிச்சி போயிருந்தாள். போனை எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பேருந்து பிடித்துப் போய்ப் படித்துறையில் இறங்கினேன்.

அவள் தண்ணீருக்குள் முகம் புதைத்து மிதந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டேன். கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று படி இறங்கித் தோளைத் தட்டினேன். தலையைத் தூக்கினாள். அவள் கை ஈரம் என்பதால் நானே போனில் வாசித்தேன். ஏற்றுக்கொள்கிறோம் என்ற வரியைச் சத்தமாகவே வாசித்தேன்.

"பேரு சரியா இருக்கா மேடம்?"

"ரெண்டுதான் இருக்கு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆற்றுத் தண்ணீர்தானா என்று எனக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, என் காலைக் காட்டினாள்.

"அப்படியே தண்ணி அசையாம பைய மேல ஏறுங்க மேடம். மீனு கலையுது."